பெரியம்மா விட்டுப்போன பணமும் நைட் டூட்டியும்

இந்த முறை வந்திருப்பது ஒரு நர்ஸின் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 39. பதினாறு வருடமாக மருத்துவமனை வேலை, அதில் கடைசி ஏழு வருடம் ஐ.சி.யூ. கணவர் சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறார். அதில் ஒரு மாதம் வருமானம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. வீடு இவர் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பள்ளியில் படிக்கும் ஒரு மகன். நான்கு மாதம் முன்பு இவருடைய பெரியம்மா காலமானார். பிள்ளை இல்லாதவர். கடைசி நாட்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் இவர். உயிலைப் பார்த்தால் சொத்து மொத்தமும் இவர் பெயரில். அதை விற்றுக் கைக்கு வந்த தொகை, இன்றைய வீட்டுச் செலவுக் கணக்கில் 22 வருடத்துக்கு வரும் என்கிறார்.

இனி அவர் எழுதியதே:

"நைட் டூட்டியில் மூன்று மணிக்கு மேல் வார்டு கொஞ்சம் அடங்கியதும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. திடீரென்று பெரும் பணம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒருத்தி கேட்பாள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம்: 'மறுநாளே பேப்பர் போட்டுவிடுவேன்.' அதை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நான். இப்போது பணம் நிஜமாகவே வந்துவிட்டது. அது கணக்கில் ஏறிய அன்றும் எனக்கு நைட் டூட்டி. போனேன். பக்கவாதத்தில் வந்த ஒரு பெரியவர், பேச்சு இல்லை. இரண்டு மணிக்கு அவரை இடதுபுறம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதே இரவில் ஆள் பற்றாக்குறை. நான் பார்க்க வேண்டிய பேஷண்டைப்போல இரண்டு மடங்கு பேர் என் தலையில். காலையில் அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நேரத்தில் ஒரு நோயாளியின் உறவினர் எல்லோர் முன்னாலும் என்மேல் கத்தினார். 'இதையெல்லாம் இனி நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை' என்று தோன்றியது. ஆனாலும் பேப்பர் போடவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?"

கணவர் வேலையை விடச் சொல்கிறாராம். பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொழிலில் போட்டால் நன்றாக வரும் என்பது அவர் யோசனை. விஷயம் தெரிந்த ஒரே தோழி, "உனக்குத்தான் வசதி வந்துவிட்டதே, தேவைப்படுகிற யாருக்காவது அந்த இடத்தை விடு" என்றிருக்கிறார். திடீர்ப் பணம் வந்தவர்களில் பத்தில் ஏழு பேர் சில வருடத்தில் ஓட்டாண்டி ஆகிவிடுவார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து இவருக்குத் தூக்கமும் கெட்டுவிட்டது. கடைசியில் நான்கு கேள்விகள். வேலையை விட்டால், இத்தனை வருடம் பணத்துக்காகத்தான் வேலை செய்தேன் என்று ஆகிவிடாதா? விடாவிட்டால் நான் முட்டாளா? நான் கஷ்டப்படக்கூடாது என்றுதானே பெரியம்மா கொடுத்தார், வேலையைத் தொடர்ந்தால் அவர் மனதுக்கு விரோதமா? அப்புறம், அந்த விளையாட்டில் அடுத்த முறை நான் என்ன சொல்வது?

அன்புத் தோழி,

உங்களுக்கு எதுவும் ஆகவில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

ஆலோசகராவதற்கு முன் நானும் ஒன்பது வருடம் வார்டில் நின்றவள். அந்த விளையாட்டை நானும் ஆடியிருக்கிறேன். அந்த நேரத்தில் கெண்டைக்கால் இறுகிக் கிடக்கும், கண் எரியும், விடிவதற்குள் எழுத வேண்டிய சார்ட் அப்படியே இருக்கும். அப்போது "பணம் வந்தால்?" என்று யாராவது கேட்டால் நம் காதில் விழுவது "இந்த இரவு முடிந்துவிட்டால்?" என்பதுதான். அதற்கு யாராக இருந்தாலும் போய்விடுவேன் என்றுதான் சொல்வார்கள். களைப்பில் சொன்ன அந்தப் பதிலை, செய்துகொடுத்த சத்தியம்போல இப்போது சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதை இறக்கி வைத்துவிடலாம்.

சொல்வதும் செய்வதும்

இந்தக் கேள்வியை ஆய்வாளர்களும் வெகுகாலமாகக் கேட்டு வருகிறார்கள். 1955-இல் மோர்ஸ், வைஸ் என்ற இருவர் அமெரிக்காவில் 401 ஆண்களிடம், உழைக்காமலே வசதியாக வாழும் அளவுக்குச் சொத்து வந்தால் வேலையைத் தொடர்வீர்களா என்று கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் தொடர்வோம் என்றார்கள். அது வாய்ப்பேச்சு என்று வைத்துக்கொண்டாலும், நிஜமாகவே லாட்டரி விழுந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்ட ஆய்வுகள் பிறகு வந்தன. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பரிசு விழுந்த 117 பேரில் 85 சதவீதத்துக்கு மேல் வேலையில் தொடர்ந்திருந்தார்கள். தொகை பெரிதாக ஆக நிறுத்துகிறவர்கள் கூடினார்கள். ஆனால் வேலையை வாழ்க்கையின் நடுவில் வைத்திருந்தவர்கள் தொடரும் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். ஸ்வீடனில் லாட்டரிப் பதிவுகளையும் வருமானப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. பரிசு பெற்றவர்களின் ஆண்டுச் சம்பாத்தியம், பரிசுத் தொகையில் சுமார் 1.1 சதவீத அளவுக்குக் குறைந்தது. வயது எதுவானாலும், ஆணோ பெண்ணோ, ஏறக்குறைய அதே கதைதான். கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், அந்தக் குறைப்பு வருடக்கணக்கில் அப்படியே நின்றது.

இவை எல்லாத் தொழில்காரர்களையும் சேர்த்துப் பார்த்தவை, நர்ஸ்களை மட்டும் எடுத்தவை இல்லை. ஆனால் பணம் வந்த மறுநாளும் வேலைக்குப் போனவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிட இதுவே போதும்.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் 'பத்தில் ஏழு பேர்' கணக்குக்கும் வருகிறேன். அது அமெரிக்காவின் நிதிக் கல்வி நிறுவனம் ஒன்றின் பெயரில் பல வருடம் சுற்றிய தகவல். அந்த நிறுவனமே 2018-இல், எங்கள் ஆய்வு எதுவும் அப்படிச் சொல்லவில்லை என்று அறிவித்துவிட்டது. ஸ்வீடனில் 2020-இல் வெளியான இன்னொரு ஆய்வில், பெரிய பரிசு விழுந்தவர்கள் பத்து வருடத்துக்குப் பிறகும் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு இருப்பதாகச் சொன்னார்கள். ஆக, வந்த பணம் உங்களை அழித்துவிடும் என்ற பயத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வேலையில் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணம் உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஓர் இரவு, இரண்டு விஷயங்கள்

உங்கள் கடிதத்தில் அந்த இரவைப் பற்றிய பத்தியை மூன்று நான்கு முறை படித்தேன். பெரியவரைத் திருப்பிப் படுக்கவைத்ததைச் சொல்லும்போது உங்கள் எழுத்து நிதானமாக இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினீர்கள், தலையணையை எங்கே வைத்தீர்கள், எதால் துடைத்தீர்கள், எல்லாம் சொல்கிறீர்கள். ஆள் பற்றாக்குறைக்கு வந்ததும் வரிகள் குறுகிவிடுகின்றன. காலையில் அந்த உறவினர் என்ன சொன்னார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

நர்ஸ் வேலை ஒன்று. அந்த வேலையை உங்களிடம் வாங்குகிற விதம் இன்னொன்று. பதினாறு வருடம் இரண்டும் ஒரே பொட்டலத்தில் வந்ததால், ஒன்றை வேண்டாம் என்றால் மற்றதையும் தூக்கிப்போட வேண்டும் என்று ஆகிவிட்டது. சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது என்ற நிலையில் பொட்டலத்தைப் பிரிக்க வழியில்லை. இப்போது வழி வந்திருக்கிறது. இந்தப் பணத்தால் உங்களுக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான் என்பேன்.

ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள் என்ற கணக்கு மீறினால் என்ன ஆகும் என்பது உங்கள் தனிப்பட்ட மனக்குறை இல்லை. லிண்டா ஐக்கனும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஒரே ஒரு நோயாளிக்கே இப்படி என்றால், அன்று இரட்டிப்பாகப் பார்த்த உங்கள் உடம்பும் மனமும் என்ன பட்டிருக்கும்! 'முடியவில்லை' என்று தோன்றியது உங்கள் பலவீனம் என்று இனி நினைக்காதீர்கள்.

இன்னொரு வார்த்தையும் உங்களுக்குப் பயன்படும். செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், ஆள் இல்லை, நேரம் இல்லை, மேலிடம் விடவில்லை என்று அதைச் செய்ய முடியாமல் போகும்போது வருகிற மனவேதனையை, நர்ஸிங் அறத்தைப் பற்றி எழுதிய ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் 'அறவேதனை' என்ற பொருள்படும் பெயரில் அழைத்தார். தூங்கி எழுந்தால் களைப்பு போய்விடும், இது போகாது. ஆஃப் நாளிலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்து, 'அந்த பெட்டுக்கு சக்‌ஷன் போட்டேனா' என்று படுத்துக்கொண்டே யோசிப்பது எனக்கும் நடந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தொழில்சார் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: வற்றிப்போன உணர்வு, வேலையின்மேல் கசப்பும் விலகலும், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். முதலாவது உங்களிடம் நிச்சயம் இருக்கிறது. இரண்டாவதை உங்கள் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. நோயாளிகளைப் பற்றி ஒரு கசந்த வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. அந்தக் கசப்பு வந்துவிட்ட நர்ஸ்கள் என்னிடம் வரும்போது, பணம் இருக்கிறதோ இல்லையோ, கொஞ்ச காலம் வெளியே போங்கள் என்றுதான் சொல்கிறேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"பணத்துக்காகத்தான் வேலை செய்தேனா?"

ஆமாம், பணத்துக்காகவும் செய்தீர்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உங்கள் சம்பளத்தில் ஒரு பிள்ளை வளர்ந்தது, ஒரு வீடு நின்றது. நர்ஸ் என்றால் சேவை, சேவை என்றால் பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நமக்குப் படிக்கும் காலத்திலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். சம்பளம் குறைவு என்று கேட்கும்போதெல்லாம் அதே வார்த்தையை எடுத்துக் காட்டி வாயை அடைத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்கியதால் அந்தப் பெரியவரின் உதட்டைத் துடைத்தது பொய்யாகிவிடாது. நாளைக்கே நீங்கள் வேலையை விட்டாலும் பதினாறு வருடம் பார்த்த நோயாளிகள் பார்க்கப்பட்டவர்கள்தான். அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது.

தோழி சொன்னதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நீங்கள் யாருடைய இடத்தையும் பிடித்துவைத்திருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி உலகம் முழுவதும் இருந்த நர்ஸ்கள் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் பேர், பற்றாக்குறை 59 லட்சம். அதிலும் ஐ.சி.யூ.வில் ஏழு வருடம் நின்ற கை ஒன்று வெளியே போனால், அந்த இடத்துக்கு வருகிறவர் உங்கள் அளவுக்குக் கைதேற வருடங்கள் ஆகும். அதற்காக நீங்கள் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பற்றாக்குறையைத் தீர்ப்பது உங்கள் கடமையும் இல்லை, ஆள் எடுக்க வேண்டியவர்களின் கடமை. நான் சொல்வது, அந்தக் குற்றவுணர்ச்சிக்கு ஆதாரம் இல்லை என்பதுதான்.

22 வருடம் என்ற கணக்கு

இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது.

22 வருடம் என்பது இன்றைய விலைவாசியில் போட்ட கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். பணத்தை ஒழுங்காக முதலீடு செய்தால் அதுவும் வளரும், சரி. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அந்த நாட்டின் பழைய சந்தைக் கணக்குகளை வைத்து ஒரு அளவு சொன்னார். முதல் வருடம் மொத்தத் தொகையில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்றார். அப்படித் தாங்க 25 வருடச் செலவு கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது 22. உங்களுக்கு வயது 39, ஆகவே 30 வருடம் போதாது, 45, 50 வருடம் தாங்க வேண்டும். வேறு நாட்டுச் சந்தையில் இந்த அளவு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். வரி, பத்திரச் செலவு எல்லாம் கழித்த பிறகு வந்த தொகையா இது என்றும் நீங்கள் எழுதவில்லை.

இதில் மூன்றில் ஒரு பங்கு தொழிலுக்குப் போனால் மிச்சம் 15 வருடச் செலவுக்கும் குறைவு. அப்போது நீங்கள் வேலையிலும் இல்லை. வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் எல்லாமும் நின்றுவிடும். வேலையை விடுவதையும் தொழிலில் போடுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். இந்தப் பதிலில் நான் அடித்துச் சொல்கிற ஒரே விஷயம் இது.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். நீங்கள் பாதி டூட்டி மட்டும் பார்த்து, பாதிச் சம்பளம் பாதிச் செலவைத் தாங்கினால், வருடத்துக்குப் பணத்திலிருந்து எடுக்க வேண்டியது 2.3 சதவீதம்தான். அந்த அளவில் எடுத்தால் தொகை கரைவதற்குப் பதில் வளரக்கூட வாய்ப்பு உண்டு. முழுக்க விட்டுவிட இந்தப் பணம் கொஞ்சம் போதாது. பாதியாகக் குறைத்துக்கொள்ள இது தாராளம்.

உங்கள் கணவரை நான் குறை சொல்லவில்லை. டூட்டி முடிந்து நீங்கள் வீங்கிய காலோடு படியேறுவதை வருடக்கணக்கில் பார்த்தவர் அவர். விட்டுவிடு என்று அவர் சொல்வதில் அன்பு இருக்கிறது. தொழிலில் போடலாம் என்பதில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் உங்களால் எதற்கும் பதில் சொல்ல முடியவில்லை. முதலாவதுக்கு நன்றி சொல்லிவிட்டு, இரண்டாவதைத் தனியாக இன்னொரு நாள் பேசலாம் என்று நாள் குறியுங்கள். அன்று தொழிலின் மூன்று வருடக் கணக்கையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். இப்படி உயில் வழியாக வந்த சொத்து பல நாடுகளின் சட்டத்தில் பெற்றவரின் தனிச்சொத்து. கணவன் மனைவி பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் பிறகு எது எவருடையது என்று பிரித்துக் காட்டுவது கடினம். அதனால் இப்போதைக்கு உங்கள் பெயரில் தனிக் கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வழக்கறிஞரையும், வரிக்கு ஒரு கணக்காளரையும் பார்த்துவிடுங்கள். ஏதாவது திட்டத்தை விற்றால் கமிஷன் கிடைக்கிற ஆளிடம் யோசனை கேட்க வேண்டாம். கடன் இருந்தால் அடைத்துவிடுங்கள். மற்றபடி ஆறு மாதம் பெரிதாக எதிலும் போடாமல் பத்திரமான இடத்தில் வைத்திருங்கள். வார்டில் யாருக்கும் தொகையைச் சொல்லாதீர்கள். ஒருத்திக்குச் சொன்னதற்கே என்ன பதில் வந்தது என்று பார்த்தீர்கள்.

என்னென்ன வழி இருக்கிறது

அப்படியே தொடர்வதும் ஒரு வழிதான், ஆனால் எதுவும் மாறாமல் தொடர்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பணம் இருந்தும் அதே ரோஸ்டரில் அதே டபுள் டூட்டி பார்த்தால், ஒரு வருடத்தில் அந்தக் கசப்பு உங்களுக்கும் வந்துவிடும்.

முதலில் நைட் டூட்டியைக் கேள்வி கேளுங்கள். உடலின் இயல்பான கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் திரும்ப ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. பதினாறு வருடம் செய்துவிட்டீர்கள், போதும். இன்சார்ஜ் சிஸ்டரிடம் இதுவரை நீங்கள் பேசியது, வேலை போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம் உள்ள ஒருவரின் பேச்சு. இனி அந்தப் பயம் வேண்டாம். மிரட்ட வேண்டியதும் இல்லை. "பகல் ஷிஃப்ட் மட்டும், வாரத்துக்கு மூன்று நாள், டபுள் டூட்டி கிடையாது. இப்படி என்றால் தொடர்கிறேன்" என்று தன்மையாக, எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் அப்போது போகலாம். ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவரை அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

இடம் மாறுவது இன்னொரு வழி. வலி தணிப்பு மருத்துவம், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை, நர்ஸிங் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. சம்பளம் குறையும், இப்போது அது தடையில்லை. பேச்சில்லாத பெரியவருக்கு அருகில் நின்ற உங்கள் நிதானத்துக்கு முதலாவது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் உங்களை நேரில் பார்க்காமல் சொல்கிறேன்.

நீண்ட விடுப்பு எடுக்க முடியுமானால் அதையும் யோசியுங்கள். சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம். விட்டுவிட்டால் எப்படி இருக்கும் என்பதை விடாமலே தெரிந்துகொள்ளலாம். முதல் மூன்று வாரத்தை நம்பாதீர்கள். அது வெறும் தூக்கக் கடன் அடைகிற காலம். அதற்குப் பிறகு வருகிற நாட்கள்தான் பேசும்.

முழுக்க விட்டுவிடுவதும் தப்பில்லை. அப்படி முடிவு செய்தால் இரண்டு விஷயம். உங்கள் நர்ஸிங் பதிவைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் புதுப்பிக்கக் குறிப்பிட்ட நேரம் வேலையோ பயிற்சியோ காட்ட வேண்டும். பிரிட்டனில் மூன்று வருடத்துக்கு 450 மணி நேரப் பணியும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். உங்கள் இடத்து விதியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பிவர ஒரு கதவு இருக்கட்டும். அடுத்தது, வேலை போனால் சம்பளத்தோடு வேறு என்னென்ன போகும் என்று இப்போதே யோசியுங்கள். 1930-களில் ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற ஊரில் இருந்த ஒரே ஆலை மூடிய பிறகு அந்த ஊர் மக்களை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மரீ யஹோடா. கைநிறைய நேரம் கிடைத்த மனிதர்கள் நூலகத்தில் முன்பைவிடக் குறைவாகவே புத்தகம் எடுத்தார்கள், தெருவில் மெதுவாக நடந்தார்கள். அவர்களுக்குப் பணமும் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஆனாலும் நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு மனிதர்கள், மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற ஒரு காரியம், நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் அடையாளம் என்று அவர் பின்னாளில் சொன்னவை பணத்தால் வருபவை இல்லை. நான் வார்டை விட்டு வந்த பிறகு மாதக்கணக்கில், நைட் ஷிஃப்ட் தொடங்கும் நேரம் வந்தால் கை தானாகக் கடிகாரத்தைத் தேடும். விரும்பித்தான் வெளியே வந்தேன், வருத்தமும் இல்லை. இருந்தாலும் ஒரு மனிதரைப் பக்கம் திருப்பி, அவர் முகம் தளர்வதைப் பார்க்கிற அந்த நிமிடத்துக்கு ஈடாக எனக்கு இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

எந்த முடிவானாலும் நைட் டூட்டி முடிந்த காலையில் எடுக்காதீர்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப்போல இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ராஜினாமாக் கடிதம் அந்தத் தலையோடு எழுத வேண்டியது இல்லை. உறவினர் ஒருவர் கத்திய காலையில் எழுத வேண்டியதும் இல்லை.

பெரியம்மா

உங்கள் நீளமான கடிதத்தில் பெரியம்மாவைப் பற்றி மொத்தம் மூன்று வரி. காலமானார், பிள்ளை இல்லை, நான் பார்த்துக்கொண்டேன். பிறகு பணத்துக்குப் போய்விட்டீர்கள்.

ஆனால் இது லாட்டரி இல்லையே. நீங்கள் உடம்பு துடைத்துவிட்ட, மருந்து கொடுத்த, கடைசியில் பக்கத்தில் நின்ற ஒருவர் போனதால் வந்த பணம். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் நீங்கள் மருத்துவமனை டூட்டியை விடவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். நான்கு மாதம் ஆகிறது, நீங்கள் அழுதீர்களா என்று தெரியவில்லை. தூக்கமின்மையில் ஒரு பங்கு துக்கமாக இருக்கலாம், எல்லாவற்றையும் பணத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். இன்னும் சில வாரம் தூக்கம் வராமலே போனாலோ, எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, நோயாளிக்கு நீங்கள் சொல்வதையே நீங்களும் செய்யுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

அவர் மனதுக்கு விரோதமா என்று கேட்டீர்கள். உயிலில் நிபந்தனை ஏதும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அவர் நிபந்தனை வைக்கவில்லை. வேலையை விடு என்றும் அவர் எழுதவில்லை, விடாதே என்றும் எழுதவில்லை. உங்கள் கை எப்படிப்பட்டது என்று தன் உடம்பால் தெரிந்துகொண்ட கடைசி நோயாளிகளில் அவரும் ஒருவர். அந்தக் கை ஓய்வெடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். இன்னும் நாலு பேருக்கு, இவ்வளவு களைப்பில்லாமல், கிடைக்க வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். இரண்டுக்கும் இந்தப் பணத்தில் இடம் இருக்கிறது.

கடைசிக் கேள்வி, அந்த விளையாட்டு. அடுத்த முறை உங்கள் முறை வரும்போது நிஜத்தைச் சொன்னால் பணம் வந்தது தெரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அது கற்பனைக் கேள்விதான் அவர்களுக்கு. பழைய பதிலையே திருப்பிச் சொல்லாமல், "நைட் டூட்டியை விட்டுவிடுவேன், வாரத்துக்கு மூன்று பகல் வருவேன்" என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். யாராவது ஒருத்தி சிரிக்காமல் "நானும் அப்படித்தான்" என்பாள். அவளையும் கூட்டிக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்க்கப் போங்கள்.